முதல் இரட்டை மோட்டார் விமானம்: பல பருவம் பறக்கவிட்ட பிறகு

ஒற்றை மோட்டார் ஆர்.சி. விமானம் (ரேடியோவில் இயக்கும் மாதிரி விமானம்) கைக்குப் பழகியதும் மனம் இரட்டை மோட்டார் பக்கம் போகும். கண் முதலில் நிற்பது பி-38 லைட்னிங், மாஸ்கிட்டோ மாதிரிப் போர் விமானங்களில். நான் எடுத்தது ட்வின் ஆட்டர் வடிவ ஃபோம் விமானம். 1.2 மீட்டர் இறக்கை, அதுவும் உடலுக்கு மேலே. மூக்குச் சக்கரத்தோடு மொத்தம் மூன்று சக்கரம். பல பருவம் கழித்தும் அந்தத் தேர்வு சரி என்றுதான் சொல்வேன்.

ஒரு மோட்டார் நின்றால் என்ன ஆகும்? வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியது இதைத்தான். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் மூக்கு, நின்றுபோன மோட்டார் பக்கம் திரும்பும். அதைப் பிடித்து நிறுத்துவது ரட்டர், அதாவது வாலில் இடம் வலம் அசையும் தட்டு. ஆனால் ரட்டர் வேலை செய்ய அதன் மேல் காற்று ஓட வேண்டும். வேகம் குறைந்துவிட்டால் முழு ரட்டர் கொடுத்தும் பலன் இல்லை, விமானம் அந்தப் பக்கமே கவிழும். தரையை விட்டுக் கிளம்பி முழு த்ராட்டிலில் (மோட்டாரின் முழு வேகத்தில்) மூக்கைத் தூக்கி ஏறும் நேரம்தான் இதற்கு மிக மோசமான நேரம். அதனால் மோட்டார்கள் உடலுக்கு நெருக்கமாக, வால் நீளமாக, ரட்டர் பெரிதாக இருக்கும் விமானமாகப் பாருங்கள். குறுகலான இறக்கையும் அதிக எடையும் உள்ள போர் விமானம் இரண்டாவதாக வரட்டும்.

என் விமானத்தில் ஒருமுறை இடது மோட்டாரின் கனெக்டர் நடுவானில் கழன்றது. இந்த மாதிரி நேரத்தில் கை தானாக த்ராட்டிலை ஏற்றப் பார்க்கும். ஏற்றினால் திருப்பம் இன்னும் மோசமாகும். த்ராட்டிலை நன்றாக இறக்கி மூக்கைத் தாழ்த்தினேன், விமானம் நேராகிவிட்டது. அப்படியே மிதந்து வந்து இறங்கியது. வாலும் ரட்டரும் பெரிதாக இருந்ததன் பலனை அன்று கண்ணால் பார்த்தேன்.

வயரிங்கில் புதிதாக யோசிக்க வேண்டியது கொஞ்சம்தான். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி. இரண்டுக்கும் ஒரே பேட்டரி என்றால் கரண்ட் கூடிவிடும்: மோட்டாருக்கு 20 ஆம்பியர் என்றால் பேட்டரி 40 ஆம்பியர் தர வேண்டும். இரண்டு ஈ.எஸ்.சி.யிலும் பி.இ.சி. (ரிசீவருக்கு மின்சாரம் தரும் பகுதி) இருந்தால் ஒன்றின் சிவப்பு வயரை மட்டும் ரிசீவரிலிருந்து எடுத்துவிடுவது வழக்கம். த்ராட்டில் அளவை இரண்டுக்கும் சேர்த்தே பதிய வையுங்கள், இல்லாவிட்டால் ஒன்று முந்திச் சுழலும்.

எனக்கு மிகவும் பிடித்தது ரட்டரோடு மோட்டார் வேகத்தையும் மாற்றும் மிக்ஸ். ஒவ்வொரு ஈ.எஸ்.சி.க்கும் தனிச் சேனல் இருந்தால் டிரான்ஸ்மிட்டரில் இதை அமைத்துக்கொள்ளலாம். தரையில் ஓட்டும்போது, முக்கியமாக ஃப்ளோட் மாட்டித் தண்ணீரில் விடும்போது, விமானம் நின்ற இடத்திலேயே திரும்புகிறது. ஆனால் இதற்கு ஒரு சுவிட்ச் கட்டாயம். மிக்ஸ் ஆனில் இருக்க, இறங்கும்போது ரட்டரைத் தொட்டால் ஒரு பக்க மோட்டார் திடீரென்று இழுக்கலாம். நான் பறக்கும்போது அணைத்தே வைக்கிறேன்.

நாளாக நாளாகத் தேய்வது மோட்டார் கூடுகளில்தான். அதிர்வில் ஸ்க்ரூ தளரும், இறக்கைக்குள் போகும் வயர் உரசும், ஈ.எஸ்.சி. சூடாகும். ஃபோம் விரிசல் ஒரு பொருட்டே இல்லை, பசை போதும். சத்தத்தைக் கவனிக்கப் பழகுங்கள். இரண்டு ப்ராப்பும் (மோட்டார் சுழற்றும் விசிறிகள்) ஒரே வேகத்தில் சுற்றாதபோது 'வூம் வூம்' என்று ஏறி இறங்கும் ஒலி கேட்கும். அது வழக்கத்தைவிட மாறினால் ப்ராப் நுனி உடைந்திருக்கலாம், பேரிங் போயிருக்கலாம். கீழே இறக்கிப் பார்த்துவிடுவேன்.

வாங்கும்போது இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள். மோட்டார் கூட்டைப் பிரிக்காமல் கனெக்டரைத் தொட முடிகிறதா? ப்ராப்புகள் எதிரெதிர்த் திசையில் சுற்றுபவை என்றால் இடது, வலது இரண்டு வகையும் தனித்தனியாகக் கிடைக்கின்றனவா? உடைவது பெரும்பாலும் ஒரு பக்கம்தான். அந்தப் பக்கத்து ப்ராப் கிடைக்காவிட்டால் விமானம் அலமாரியில்தான் இருக்கும்.