கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் ஒரு பகல்

2023 ஜூலை 15 அன்று மதுரை புதுநத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திற்கு, குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் தங்கை மகளுக்குத் துணையாகச் சென்றிருந்தேன். முன்பு மாதக் கட்டணம் கட்டிச் சென்ற ஒரு தனியார் படிப்பகத்தில் மின்விசிறிக்கு அடியில் இடம் பிடிப்பதே அவளுக்குப் பாதித் தேர்வாக இருந்தது. இங்கே போட்டித் தேர்வுப் பிரிவில் அவளுக்கு எதிரே, மடியில் டிபன் தூக்கை வைத்துக்கொண்டு, நாற்பதை நெருங்கும் ஒரு பெண்மணி ஆறாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் பென்சிலால் கோடிட்டுக்கொண்டிருந்தார். 200 வினாக்கள், 300 மதிப்பெண்கள் என்ற கணக்குக்குள் கிராம நிர்வாக அலுவலர் பணியைக் கனவு காண்பவர்கள் பாடநூலிலிருந்துதான் தொடங்க வேண்டும். குழந்தைகள் பிரிவிலோ, விண்வெளி வீரனாகப் போவதாகச் சொன்ன சிறுவன் கிளம்ப மறுத்து அழுதான். எனக்கும் கிளம்ப மனமில்லை. அடுத்த வாரமும் துணைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.