ஸ்மாஷ் கட்டுக்கு இலவச டாவின்சி ரிசால்வ் போதுமா?

சத்தம் உச்சத்தில் இருக்கும்போதே காட்சியை அறுத்து, ஆள் அரவமற்ற அடுத்த காட்சிக்குள் பார்ப்பவரைத் தள்ளுவது ஸ்மாஷ் கட்டின் ஒரு வகை. பெங்களூரில் சனி, ஞாயிறு மட்டும் கேமராவைத் தூக்கும் தமிழ்க் குறும்படக் குழுக்கள் இதற்கென்று காசு செலவழிக்க வேண்டாம். டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு தாராளமாகப் போதும். ஆனால் அதில் வசதிக்காக வைத்திருக்கும் சில பொத்தான்களே இந்த வெட்டைக் கெடுத்துவிடும்.

சில்க் போர்டு சந்திப்பில் இரவு எட்டு மணி நெரிசல், ஹாரன் மேல் ஹாரன் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஷாட், ஒயிட்ஃபீல்டில் ஓர் அறை. மின்விசிறி ஓசை மட்டும். ஹாரன் தேயத் தொடங்கும் முன்பே வெட்ட வேண்டும். கண்ட்ரோல்+பி (B) அழுத்தி வெட்டி, வெட்டுப் புள்ளியைத் தேர்ந்தெடுத்தால், கமா விசையும் புள்ளி விசையும் அதை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தும். நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் டைம்லைனில் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் இடம்) ஒரு ஃபிரேம் என்பது 40 மில்லிசெகண்ட். இரண்டு மூன்று ஃபிரேம் பிந்தினாலே வேகம் குறைவது காதுக்குத் தெரியும். இந்த நுணுக்கத்தில் ரிசால்வ் அருமையாக வேலை செய்கிறது.

படமும் ஒலியும் ஒரே ஃபிரேமில் மாற வேண்டும். படத்தையும் ஒலியையும் சேர்த்தே நகர்த்தும் லிங்க்டு செலக்‌ஷன் அணைந்திருந்தால் படம் மட்டும் நகர்ந்து, மின்விசிறி ஓசை முன்கூட்டியே எட்டிப் பார்க்கும், பார்ப்பவர் உஷாராகிவிடுவார்.

பெரிய ஆபத்து, எல்லாக் கிளிப்புகளையும் தேர்ந்தெடுத்து நார்மலைஸ் கொடுப்பது. கிளிப்புகளைத் தனித்தனியாக ஒரே அளவுக்குக் கொண்டுவந்தால் அறையின் மெல்லிய ஓசை தெருச்சத்தத்தின் அளவுக்கு ஏறிவிடும். அந்த ஏற்றத்தாழ்வுதானே வெட்டின் உயிர்! அதற்காக அறைக் காட்சியை முழுமௌனமாக விடவும் கூடாது. கைபேசியில் பார்ப்பவர் ஸ்பீக்கர் நின்றுவிட்டது என்றே நினைப்பார். படப்பிடிப்பின்போதே யாரும் பேசாமல் அறையின் ஓசையை 30 நொடி பதிவுசெய்து வைத்துக்கொண்டால் அந்த இடத்தை நிரப்பலாம்.

எதிரொலியிலும் கவனம் தேவை. ட்ராக்கில் (ஒலி அடுக்கில்) ரிவெர்ப் என்ற எதிரொலி விளைவைப் போட்டிருந்தால் ஹாரனின் வால் வெட்டைத் தாண்டி அறைக்குள் வழியும். தெரு ஒலிக்கு, அறை ஒலிக்கு எனத் தனித்தனி ட்ராக் வைத்து, வெட்டும் இடத்தில் தெரு ட்ராக்கின் ஒலி அளவைச் சடாரென்று இறக்க வேண்டும். வெட்டில் 'டக்' என்று கேட்டால் அலைவடிவம் பாதியில் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். ரிசால்வின் ஒலிப் பகுதியான ஃபேர்லைட் பக்கத்தில் நன்றாகப் பெரிதாக்கி, ஒரு ஃபிரேமுக்கும் குறைவான ஃபேட் (ஒலி மெல்லத் தேய்வது) கொடுத்தால் சரியாகிவிடும்.

கண்ட்ரோல்+டி (T) அழுத்தினால் உடனே டிஸ்ஸால்வ் (ஒரு காட்சி மங்கி மற்றொன்றாகக் கரைவது) வந்துவிடுவதும் ஒரு சபலம். 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வில் (1962) தீக்குச்சியை ஊதியதும் பாலைவன உதயத்துக்குத் தாவும் வெட்டு முதலில் டிஸ்ஸால்வாகத்தான் திட்டமிடப்பட்டது. அந்தக் காலத்தில் டிஸ்ஸால்வை லேபில்தான் செய்வார்கள் என்பதால், எடிட்டர் ஆன் வி. கோட்ஸ் முதலில் பார்த்தது நேர் வெட்டைத்தான், அதுவே நிலைத்தது. ரிசால்விலும் முதலில் வெறும் வெட்டாக ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

கைபேசியில் எடுத்த காட்சிகளில் ஃபிரேம் வேகம் மாறிக்கொண்டே இருக்கும். அப்படியே உள்ளே கொண்டுவந்தால் ஒலி நழுவி, கணக்கிட்டு வைத்த வெட்டு பிசகும். வீடியோவை மாற்றித்தரும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' தேர்ந்தெடுத்து மாற்றிக்கொண்டு வாருங்கள். டைம்லைன் ஃபிரேம் வேகத்தையும் முதலிலேயே முடிவுசெய்யுங்கள். பிறகு மாற்ற விடாது.

ரிசால்வின் 295 டாலர் ஸ்டுடியோ பதிப்பு இரவுக் காட்சிகளின் நாய்ஸை (படத்தில் தெரியும் புள்ளிகளை) குறைக்க மட்டுமே இங்கே பயன்படும். அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு பெங்களூரின் கணினிக் கடைவீதியான எஸ்.பி. ரோட்டில் கணினியின் ரேமை 16 ஜிபி ஆக்குங்கள். டைம்லைன் திக்கித் திக்கி ஓடினால் வெட்டு சரியா தவறா என்று காதால் சொல்லவே முடியாது.