தில்லிக் குளிரில் சைக்கிள்: பல பருவங்கள் அணிந்து பார்த்த ஆடைகளைப் பற்றி

தில்லியில் மார்கழி பிறந்து தை பாதி கடக்கும் வரை விடியற்காலை வெப்பநிலை பெரும்பாலும் 5 முதல் 9 டிகிரிக்குள்தான் நிற்கும். சமவெளியில் அது 4 டிகிரிக்கோ அதற்குக் கீழோ இறங்கினால் இந்திய வானிலை ஆய்வுத் துறை குளிர் அலை என்று அறிவிக்கும். தமிழ்நாட்டிலிருந்து மாற்றலாகி வருகிறவர்கள் இந்த எண்களைக் கேட்டவுடன் கனமான ஜாக்கெட் ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். மெட்ரோவில் அலுவலகம் போய்வர அது நல்ல உடைதான். சைக்கிள் ஓட்டுவதற்கு அது உதவாது. மயூர் விஹாரிலிருந்து நிஜாமுதீன் பாலத்தைக் கடந்து இந்தியா கேட் பக்கம் உள்ள அலுவலகத்துக்குப் பல ஆண்டுகளாகக் குளிர்காலத்திலும் சைக்கிளிலேயே போய்வருபவன் என்ற முறையில், எந்த உடை நிலைத்தது, எது அலமாரிக்குள் போய்விட்டது என்பதை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

சைக்கிள் ஓட்டுகிறவர் தனக்கு வேண்டிய வெப்பத்தையும், தன்னைக் குளிர வைக்கும் காற்றையும் ஒரே நேரத்தில் தானே உண்டாக்கிக்கொள்கிறார். பெடலில் 100 வாட் அளவுக்கு வேலை நடக்கிறது என்றால், தசைகளின் திறன் நான்கில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ என்பதால், உடலுக்குள் 300 முதல் 400 வாட் வரை வெறும் வெப்பமாக வெளிப்படுகிறது. மறுபக்கம், காற்றே வீசாத 6 டிகிரிக் காலையிலும் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போனால், காற்றுக் குளிரைக் கணக்கிடும் சூத்திரப்படி திறந்த தோலுக்கு அது ஏறத்தாழ 2 டிகிரி போலத் தெரியும். ஆகவே மார்பும் கைவிரல்களும் விறைத்துக்கொண்டிருக்கும் அதே வேளையில் முதுகில் வியர்வை வழியும். கனத்தைக் கூட்டினால் இந்த முரண் தீராது, முதுகு இன்னும் அதிகமாக நனையும். முன்பக்கம் காற்றைத் தடுத்து, பின்பக்கம் ஆவியை வெளியே விடும் உடையே இங்கு தேவை. நான் வாங்கியவை எல்லாவற்றையும் இந்த ஒரு அளவுகோலால்தான் எடைபோடுகிறேன்.

தோலை ஒட்டி அணியும் முதல் அடுக்கைத்தான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். திருப்பூர்ப் பருத்திப் பனியனை ஆண்டு முழுவதும் விரும்பி அணிபவன் நான். ஆனால் குளிர்காலச் சவாரிக்கு மட்டும் அதை அணிவதில்லை. பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், எளிதில் உலராது. நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால், நனைந்த பனியன் முதுகில் ஒட்டிக்கொண்டு உடலின் சூட்டை உறிஞ்சியபடியே இருக்கும். கரோல் பாக் கடைகளில் ‘இன்னர்’ என்று கேட்டால் எடுத்துக் காட்டும் தடித்த தெர்மல்களில் பலவற்றிலும் பருத்தி கலந்திருக்கிறது. வீட்டில் உட்கார்ந்திருக்கவும் இரவில் தூங்கவும் அவை அருமையானவை. பெடல் மிதிக்கிறவர்கள் வாங்கும் முன் உள்ளே தைத்திருக்கும் துணி விவரச் சீட்டைப் படித்துப் பார்க்க வேண்டும்.

மீதி இருப்பவை பாலியெஸ்டரும், மெரினோ என்ற ஆட்டினத்தின் மெல்லிய கம்பளியும். பாலியெஸ்டர் இழை தன் எடையில் நூற்றில் ஒரு பங்கு ஈரத்தைக்கூட உள்ளே வாங்காது; வியர்வை துணியின் மேற்பரப்பில் பரவி விரைவில் ஆவியாகிவிடும். விலை குறைவு, துவைப்பது எளிது, இரவு துவைத்துப் போட்டால் விசிறிக் காற்றிலேயே காலைக்குள் உலர்ந்துவிடும். அதன் குறை நாற்றம். ஒரே சவாரியில் அக்குள் பகுதியில் வாடை ஏறும். ஒரு பருவம் முடிந்த பிறகு, துவைத்த துணியிலும் உடற்சூடு பட்டவுடன் அது திரும்ப எழும். மெரினோ இதற்கு நேர்மாறு. அந்த இழை தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உள்வாங்கியும் தொட்டுப் பார்த்தால் ஈரமாகத் தெரியாது; இரண்டு மூன்று நாள் தொடர்ந்து அணிந்தாலும் வாடை வருவதில்லை. சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிராம் எடையுள்ள மெல்லிய மெரினோவே தில்லிக்குப் போதும். ஊரிலிருந்து வரும் கம்பளியைப் போல அது குத்துவதும் இல்லை. விலை மட்டும் பாலியெஸ்டரைப் போல இரண்டு மூன்று மடங்கு, தேய்மானமும் அதிகம். என்னுடையதில் முதுகுப்பையின் பட்டை அழுத்தும் தோள்பட்டையில்தான் முதலில் இழை மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் சல்லடை போலத் தெரியத் தொடங்கியது. அதன் பிறகு முதுகுப்பையை விட்டுவிட்டு, கேரியரில் மாட்டும் பைக்கு மாறினேன். துணி பிழைத்தது மட்டுமன்றி முதுகில் வியர்வையும் பாதியாகக் குறைந்தது. குளிர்காலத்தில் சைக்கிளில் அலுவலகம் போகிறவர்களுக்கு எந்த உடையையும்விட அந்தப் பையை நான் முதலில் பரிந்துரைப்பேன்.

இரு துணிகளுக்கும் இடையிலான வேறுபாடு ஓடும்போது பெரிதாகத் தெரியாது, நிற்கும்போதுதான் தெரியும். மார்கழிக் காலைகளில் ராமகிருஷ்ணபுரம் மலை மந்திருக்குச் சைக்கிளில் போவது என் வழக்கம். செருப்பைக் கழற்றி, சில்லிட்ட படிகளில் ஏறி, சன்னதியில் தீபாராதனைக்காகக் காத்து நிற்கும் அந்தக் கால் மணி நேரத்தில் உடல் உற்பத்தி செய்யும் வெப்பம் சட்டென்று குறைந்துவிடுகிறது. பாலியெஸ்டர் அணிந்திருந்தால் இடுப்புக்கு மேலே முதுகுத்தண்டு ஓரமாக ஒரு ஈரக் குளிர் ஏறும், மெரினோவில் அது வருவதில்லை. ஆகவே நிற்காமல் அலுவலகம் போய்ச் சேர்ந்து உடை மாற்றிக்கொள்ளும் நாள்களுக்குப் பாலியெஸ்டரும், நடுவில் நின்று தேநீரோ தரிசனமோ உள்ள நாள்களுக்கு மெரினோவும் என்று பிரித்து வைத்திருக்கிறேன்.

நடு அடுக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெப்பநிலை 8 டிகிரிக்கு மேல் இருந்தால் எனக்கு அது தேவைப்படுவதே இல்லை; அதற்குக் கீழே போனால் சதுர மீட்டருக்கு 100 கிராம் எடையுள்ள மெல்லிய ஃப்ளீஸ் (பஞ்சு போல மென்மையான செயற்கை இழைத் துணி) ஒன்று, அதுவும் கழுத்திலிருந்து மார்பு வரை திறக்கும் ஜிப் உள்ளதாக இருந்தால் போதும். ஜன்பத் திபெத்தியக் கடைகளிலும் மற்றக் குளிர்காலச் சந்தைகளிலும் குறைந்த விலைக்கு நல்ல ஃப்ளீஸ் கிடைக்கும். ஆனால் தனியாக அணிந்தால் காற்று அதற்குள் புகுந்து போய்விடும். மூடுபனி நாளிலோ அதன் மேல்பக்க இழைகளில் நீர்த்துளிகள் நரைமுடியைப் போல வெண்மையாகப் படிந்துவிடுகின்றன. மேலே வேறொன்று கட்டாயம் வேண்டும்.

அந்த வேறொன்று விண்ட் சீட்டர். என்னிடம் உள்ள எல்லாவற்றிலும் எடைக்கு எடை அதிகம் உழைத்தது இதுவே. மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும் மெல்லிய நைலான், கையில்லாதது, முன்பக்கம் காற்றுப் புகாத துணி, முதுகில் வலைத்துணி. நிஜாமுதீன் பாலத்தின் மேல் யமுனைப் படுகையின் ஈரக் குளிர் முகத்தில் அறையும்போது ஜிப்பைக் கழுத்து வரை ஏற்றுகிறேன். பாலம் கடந்து சிக்னலில் நிற்கும்போது பாதி இறக்குகிறேன். இந்த ஏற்றி இறக்கும் வசதியைத் தடித்த எந்த உடையும் தராது. மழைக்கான முழு நீர்புகா ஜாக்கெட்டைக் குளிருக்காக அணிவதை நான் ஆதரிக்க மாட்டேன். கால் மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு அதன் கையைத் திருப்பிப் பார்த்தால் உட்புறம் முழுவதும் முத்து முத்தாக வியர்வை நிற்கும். ஆவியை வெளியே விடும் என்று சொல்லி விற்கப்படும் விலையுயர்ந்த துணிகளும் ஓடும் உடலின் வேகத்துக்கு ஈடுகொடுப்பதில்லை. தில்லியில் தை மாத மழை மேற்கத்தியக் காற்றுச் சுழற்சியால் வரும் ஓரிரு நாள் விருந்தாளி. அந்த நாள்களுக்கு மட்டும் அது பையில் இருந்தால் போதும்.

இதே விண்ட் சீட்டரோடு, தோள் வரை இழுத்துவிட்டுக்கொள்ளும் ஆர்ம் வார்மர் ஒரு ஜோடி இருந்தால் பகல் வெயிலையும் சமாளித்துவிடலாம். காலையில் 7 டிகிரியாக இருந்தது மதியம் 20 டிகிரிக்கு ஏறும் ஊர் இது. சனிக்கிழமைகளில் குருகிராம் – ஃபரிதாபாத் சாலை வரை போய்த் திரும்பும்போது வெயில் ஏறிவிடும். அப்போது நிறுத்தாமலே கழற்றி ஜெர்சியின் பின்பைக்குள் செருகக்கூடியவை இவை இரண்டும்தான்.

உடம்பைவிடக் கைவிரல்களுக்குத்தான் நான் அதிகம் செலவழித்திருக்கிறேன், அதில் எனக்கு வருத்தமும் இல்லை. விறைத்த விரலால் பிரேக்கைச் சரியான நேரத்தில் அழுத்த முடியாது என்பதால் இது வசதியைத் தாண்டிய பாதுகாப்பு விஷயம். கம்பளிக் கையுறையில் காற்று ஊசியாய் இறங்கும். மேல்பக்கம் காற்றுத் தடுப்பும் உட்பக்கம் மெல்லிய ஃப்ளீஸும் உள்ள கையுறை 5 டிகிரி வரை தாங்குகிறது. அதற்கும் கீழே போனால், மருந்துக் கடையில் கிடைக்கும் நைட்ரைல் கையுறையை உள்ளே மாட்டிக்கொள்கிறேன். வியர்த்தாலும் சூடு நிற்கும். கையுறை வாங்கும்போது அதை மாட்டியபடியே ஜிப்பை இழுத்தும் பிரேக்கைப் பிடித்தும் பார்க்க வேண்டும். விரல் நுனியில் இறுக்கமாக இருந்தால் எவ்வளவு தடித்ததாயினும் வேண்டாம், இரத்த ஓட்டம் தடைபட்டு அதுவே விறைப்பைக் கொண்டுவரும்.

கால்விரல்களுக்கும் இதே நியாயம்தான். இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு சாக்ஸ் திணிப்பதைவிட, ஒரு மெரினோ சாக்ஸும் ஷூவின் முன்நுனியை மட்டும் மூடும் டோ கவரும் நல்ல பலன் தருகின்றன. முழங்கால்களை 15 டிகிரிக்குக் கீழே மூடிவிடுவது நல்லது. அங்கே தசைப்பற்று குறைவு, நேராகக் காற்று படும் இடமும் அதுவே. குரங்குக் குல்லா ஹெல்மெட்டுக்கு அடியில் நிற்காது. காதை மூடும் மெல்லிய குல்லாவும், பஃப் என்று கேட்டால் கிடைக்கும் குழாய் வடிவக் கழுத்துத் துணியும் அந்த வேலையைச் செய்துவிடும். ஆனால் அந்தத் துணியை மூக்குவரை ஏற்றிவிட்டால் புகைமூட்டத்திலிருந்து தப்பிவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம், பிஎம் 2.5 நுண்துகளை அது வடிகட்டாது. காற்றுத் தரக் குறியீடு 400ஐத் தாண்டி ‘கடுமை’ நிலைக்குப் போகும் நாள்களில் நான் மெட்ரோவில்தான் போகிறேன்.

கிளம்பும் முன் வீட்டு வாசலில் ஒரு நிமிடம் நிற்பேன். அப்போது இலேசாகக் குளிர வேண்டும். வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் ஒரு அடுக்கைக் கழற்றி வைத்துவிடுவேன், ஏனென்றால் பத்து நிமிட ஓட்டத்தில் அந்தக் கதகதப்பு வியர்வையாகிவிடும்.

பராமரிப்பில் இரண்டைச் சொல்லியாக வேண்டும். துணியை மென்மையாக்கும் திரவங்களை இவற்றில் சேர்க்கக் கூடாது, அவை இழைகளின் மேல் பூச்சாகப் படிந்து வியர்வையைப் பரவவிடாமல் செய்யும். மெரினோவைக் குளிர்ந்த நீரில் மிதமான சோப்பால் அலசி, பிழியாமல், படுக்கைவாட்டில் காயவைக்க வேண்டும். ஹோலி முடிந்து மூட்டை கட்டும்போது நன்றாகத் துவைத்து உலர்த்திய பிறகே கட்ட வேண்டும். அந்துப்பூச்சி முதலில் தேடி வருவது வியர்வைக் கறை இருக்கும் இடத்தைத்தான்.

புதிதாகத் தொடங்குகிறவர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாங்க வேண்டியதில்லை. முதலில் கையுறை, அடுத்து கையில்லாத விண்ட் சீட்டர், பிறகு ஒரு பாலியெஸ்டர் உள்ளாடை: இவை மூன்றோடு பழைய முழுக்கை டி-ஷர்ட் ஒன்றையும் வைத்துக்கொண்டு டிசம்பர் பாதி வரை ஓட்டலாம். மெரினோவை பிப்ரவரிக் கடைசியில், கடைக்காரர்கள் குளிர்காலச் சரக்கைத் தள்ளுபடியில் தரும்போது அடுத்த பருவத்துக்காக வாங்கி வைக்கலாம்.