ஸ்டூடண்ட் மைக்ராஸ்கோப்: ரெண்டு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதறேன்

பொண்ணு ஆறாவது படிக்கிறா, தாவர செல்னா கட்டம், விலங்கு செல்னா வட்டம்னு மனப்பாடம் பண்ணி வச்சிருந்தா. கண்ணால பாக்கட்டும்னு ஆன்லைன்ல ஒரு மைக்ராஸ்கோப் வாங்கினேன். ஐபீஸ் (கண்ணு வச்சு பாக்கிற லென்ஸ்) 10, கீழ 4, 10, 40னு மூணு லென்ஸ், அதாவது 40 மடங்குல இருந்து 400 மடங்கு வரைக்கும்.

மொத நாள் வெங்காயம். உள்பக்கத்து மெல்லிசு சவ்வை உரிச்சு, மெடிக்கல்ல வாங்கின டிங்சர் அயோடினை தண்ணி கலந்து ஒரு சொட்டு விட்டு, கவர் ஸ்லிப்பை (மேல மூடற மெல்லிசு கண்ணாடித் துண்டு) ஒரு ஓரத்துல இருந்து மெதுவா சாய்ச்சு மூடணும், டபக்குனு வச்சா காத்துக் குமிழி மாட்டிக்கும், பொண்ணு அந்த கருப்பு வளையத்தையே செல்லுன்னு வரைஞ்சிட்டா. 100 மடங்குலயே செங்கல் அடுக்கின மாதிரி வரிசையா தெரியுது. ஒவ்வொண்ணுலயும் ஒரு மஞ்சப் பொட்டு, அது நியூக்ளியஸ் (செல்லோட உட்கரு), முக்கால்வாசி ஓரமா ஒதுங்கி இருக்கும், ஏன்னா நடு இடத்தை வாக்குவோல்ங்கிற தண்ணிப் பை அடைச்சிருக்கு. பச்சையம் எங்கப்பான்னு கேட்டா. மீன் கடையில தொட்டிக்கு விக்கிற ஹைட்ரில்லா இலை ஒண்ணை 400ல வச்சேன், பச்சை மணி மணியா சுவரோரமா நகர்ந்துட்டே போகுது, ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

கன்னத்து செல்லுதான் கஷ்டம். வாய் கொப்பளிச்சுட்டு கன்னத்து உள்பக்கம் காது பட்ஸால லேசா தேய்ச்சு ஸ்லைடுல தடவி, மெத்திலின் ப்ளூ விட்டோம் (இதுவும் அதே மீன் கடையிலதான், மீனுக்கு மருந்தா விக்கிறாங்க). மொதல்ல ஒண்ணுமே தெரியல, வெளிச்சம் ஜாஸ்தி. ஸ்டேஜுக்கு (ஸ்லைடு வைக்கிற தட்டு) அடியில வெளிச்சத்தை கூட்டிக் குறைக்கிற டயஃப்ரத்தை பாதிக்கு மேல மூடினதும்தான் ஓரம் மடிஞ்ச அப்பளம் மாதிரி அங்கங்க தனித்தனியா, நடுவுல நீலப் பொட்டோட வந்துச்சு. செல் சுவர் கிடையாது, அதான் வரிசையும் இல்ல, கட்டமும் இல்ல. புக்குல ரெண்டு படமும் ஒரே சைஸ்ல இருக்கும், இங்க அதே 100ல பாத்தா வெங்காய செல் கால் மில்லிமீட்டர் நீளம், கன்னத்து செல் அதுல நாலுல ஒரு பங்குதான் இருக்கும்.

குறைன்னா ஃபோகஸ் திருகு லூஸ், பாத்துட்டு இருக்கும்போதே ஸ்டேஜ் தானா இறங்குது. லென்ஸ் ஸ்லைடுல இடிக்காம தடுக்கிற ஸ்டாப்பரும் இல்லாததால 40 லென்ஸ் இடிச்சு ரெண்டு கவர் ஸ்லிப் போச்சு. விக்கிறவங்களுக்கு எழுதினேன், பதிலே இல்ல, அதனால இதே மாடலை வாங்குங்கன்னு சொல்ல மாட்டேன். டயஃப்ரம், ஃபைன் ஃபோகஸ் (நுணுக்கமா ஃபோகஸ் பண்ற திருகு) ரெண்டும் இருக்கான்னு கேட்டு வாங்குங்க, 1200 மடங்குன்னு போட்ட பிளாஸ்டிக் பொம்மை பக்கம் போகாதீங்க. விளக்குக்கு பதிலா முகம் பாக்கிற மாதிரி கண்ணாடி வச்ச மாடல்னா நேர் வெயிலை மட்டும் அதுல பிடிக்க விடாதீங்க, பிள்ளைங்க கண்ணு.