கம்பளத்தில் காய்ந்த எமல்ஷன் (நீர் கலந்த சுவர் பெயின்ட்) கறை: சோப்புத் தண்ணீரா, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலா?

இரண்டில் எதைத் தொடுவதற்கும் முன், மழுங்கிய கத்தியால் மேல் படலத்தைச் சுரண்டி, துகளை வாக்குவம் கிளீனரால் எடுத்துவிடுங்கள்.

நேற்றுச் சிந்திய மெல்லிய கறைக்கு ஒரு கப் வெதுவெதுப்பான நீரும் ஒரு டீஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவமும் போதும். நனைத்த துணியை 10 நிமிடம் போட்டு ஒற்றி எடுக்கலாம். வாரக்கணக்கில் இறுகியதை இது பெரும்பாலும் அசைக்காது.

அதற்கு 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்தான். எமல்ஷனின் அக்ரிலிக் (பிளாஸ்டிக் போன்ற) படலத்தையே இளக்கும். ஆனால் கம்பளத்தில் நேரே ஊற்றினால் அடியிலுள்ள லேடெக்ஸ் (ரப்பர் போன்ற) பசையும் இளகி, பின்துணி பிரிந்துவிடலாம். வெள்ளைத் துணியில் நனைத்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றுங்கள். தேய்த்தால் இழை பிசிறிடும். சாயம் போகிறதா என்று மறைவான மூலையில் முதலில் பாருங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், அருகில் நெருப்பு கூடாது.

எண்ணெய் கலந்த எனாமல் பெயின்ட் என்றால் இரண்டையும் நம்ப வேண்டாம்.