அரிக்கும் கரையைப் படமெடுக்க: 24 மி.மீ. வைட் லென்ஸா, 100 மி.மீ. மேக்ரோ லென்ஸா?

கடல் தின்றுகொண்டிருக்கும் கரையில் நின்றால் கை தானாக வைட் லென்ஸைத் தேடும். ஃபுல் ஃபிரேம் (36×24 மி.மீ. சென்சார்) கேமராவில் 24 மி.மீ. லென்ஸ் மூலைவிட்டமாக 84 பாகை பார்க்கும். சரிந்த மண்சுவர், வேர் தொங்கும் மரம், அலை எல்லாம் ஒரே படத்தில் அடங்கிவிடும். சிக்கலும் அதுதான். மேகம் மூடிய நாளில் பாதிப் படத்தை வெளிறிய வானம் பிடித்துக்கொள்ளும். முன்னால் ஒரு கட்டை, ஒரு கயிற்றுச் சுருள் ஏதாவது இருந்தால்தான் அந்த வெறுமைக்கே அளவு தெரியும்.

மிக அருகில் வைத்துச் சிறு பொருட்களைப் பெரிதாக எடுக்கும் 100 மி.மீ. மேக்ரோவின் பார்வை சுமார் 24 பாகைதான். ஆனால் ஒதுங்கிய பொருட்களை அதில் பார்க்க வேண்டும்! வார் அறுந்த ரப்பர் செருப்பு, ஓட்டைக்குள் ஈர மணல், குதிகாலில் கொத்தாகக் கொட்டலசு (படகிலும் பாறையிலும் ஒட்டி வளரும் ஓடுள்ள சிறு கடலுயிர்). கொட்டலசு ஒட்டியிருந்தால் அது நேற்று விழுந்த செருப்பு இல்லை, நெடுநாள் மிதந்து வந்தது. அதே மந்தமான வானம் இங்கே உதவிக்கு வரும்: கடும் நிழல் விழாது, துரு, உப்புப் படிவு எல்லாம் துலங்கும். லென்ஸின் துளையை எஃப் 11 வரை சுருக்கினாலும் மிக அருகில் ஃபோகஸ் ஆழம், அதாவது கூர்மையாகத் தெரியும் பகுதி, சில மில்லிமீட்டர்தான், அதனால் ட்ரைபாட் வேண்டும். ஈர மணலில் அதுவும் மெல்லப் புதையும், எரிச்சல்தான்.

ஒன்றுதான் எடுத்துப்போக முடியும் என்றால் நான் மேக்ரோ எடுப்பேன். ஆனால் கரை எவ்வளவு பின்வாங்கியது என்று வருடாவருடம் பதிவுசெய்ய 24 மி.மீ.தான் சரி, ஒரே இடம், ஒரே உயரம். சரிவின் விளிம்பிலோ அடியிலோ மட்டும் நிற்காதீர்கள்.