8 வாரம், 8 பெட்டி மரக்கறி

செப்டெம்பர் நடுப்பகுதியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை, 8 வியாழக்கிழமை, வேலை முடிந்து வரும் வழியில் ஸ்காபரோவில் ஒரு சமூக நிலையத்தின் வாகனத் தரிப்பிடத்தில் நின்று ஒரு மரக்கறிப் பெட்டி வாங்கி வந்தேன், ஒரு முறை மட்டும் கைநழுவிப் போனது. ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு மணித்தியால ஓட்டத்தில் ஒரு குடும்பம் நடத்தும் பண்ணை அது. கோடையிலேயே காசைக் கட்டிப் பங்கு எடுத்துவிட வேண்டும், அந்த வாரம் வயலில் என்ன வருகிறதோ அதைத் தருவார்கள், இது வேண்டும் அது வேண்டாம் என்று சொல்ல முடியாது. அரைப் பங்குக்கு 260 டொலர் கட்டினேன். இந்த வருடப் பங்கெல்லாம் முடிந்துவிட்டதாலும், சின்னப் பண்ணை என்பதாலும், குறையும் சொல்லப் போகிறேன் என்பதாலும் பெயர் போடவில்லை. ஒன்ராறியோவில் இப்படிப் பங்கு விற்கும் பண்ணைகள் பல இருக்கின்றன, தேடினால் கிடைக்கும்.

பெட்டியோடு ஒரு தாள் வரும். அந்த வாரத்து மரக்கறியில் எதை எதோடு சேர்க்கலாம் என்று மூன்று நான்கு யோசனை இருக்கும், அளவெல்லாம் பெரிதாக இராது. நான் இதை எழுதுவதே முக்கியமாக அந்தத் தாளுக்காகத்தான், ஏனென்றால் 14 வருடம் இந்த நாட்டில் இருந்தும் இலையுதிர்கால மரக்கறி எனக்குப் பிடிபடாமலே இருந்தது. கடையில் குவித்து வைத்திருக்கும் பூசணி வகைகளைப் பார்த்துவிட்டுக் கத்தரிக்காயும் வெண்டிக்காயும் வாங்கிக்கொண்டு வருவதுதான் வழக்கம்.

முதல் வாரம் தாளில் இருந்தபடியே செய்தேன். பட்டர்நட் பூசணியை நெடுக்காகப் பிளந்து, வெண்ணெயும் மண்ணிறச் சீனியும் மேப்பிள் பாணியும் பூசி, கறுவாத்தூள் தூவி ஓவனில் வைப்பது. வாசம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பிள்ளைகள் இரண்டு கரண்டியோடு கையை எடுத்துவிட்டார்கள். மாமி ஒரு துண்டு வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இது தன்ரபாட்டில இனிக்குது, இதுக்கு மேல சீனி என்னத்துக்கு? தேசிக்காய் விடு" என்றார். அடுத்த பூசணியைத் துண்டு துண்டாக வெட்டி, இடித்த செத்தல் மிளகாய், சீரகம், உப்பு, கொஞ்ச ஒலிவ் எண்ணெய் போட்டுப் பிரட்டி, ஓவனை 425 பாகை பரனைற்றில் வைத்து ஓரம் கருகும் வரை விட்டு, இறக்கியவுடன் தேசிக்காய் பிழிந்தேன். சோறு வைக்கும் முன்பே தட்டம் காலி.

அதற்குப் பிறகு தாளை நான் படித்த விதமே மாறிவிட்டது. இந்தப் பருவத்து மரக்கறி முக்கால்வாசியும் இனிப்பு: பூசணி, கரட், வெள்ளைக் கரட் மாதிரி இருக்கும் பார்ஸ்னிப், பீட்ரூட், வற்றாளை, அதோடு அப்பிளும் பேரிக்காயும். அதற்கு வேண்டியது புளிப்பும் கைப்பும் உறைப்பும்தான். தாளில் நன்றாக வந்த சேர்க்கை எல்லாம் அப்படி இருந்தவை, சரிவராதவை எல்லாம் இனிப்புக்கு மேல் இனிப்பு போட்டவை. 8 வாரத்தில் இதற்கு விலக்காக ஒன்றே ஒன்று வந்தது, அதைக் கீழே சொல்கிறேன்.

பூசணியில்தான் இந்தப் பெட்டி தன் பெறுமதியைக் காட்டியது. மொத்தம் நான்கு வகை வந்தது. அதில் டெலிகாட்டா என்ற, மஞ்சளில் பச்சைக் கோடு போட்ட நீளமான பூசணியைத் தோல் சீவவே வேண்டாம், வளையம் வளையமாக வெட்டிச் சுட்டால் மெல்லிய தோலையும் சேர்த்தே மென்றுவிடலாம். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய விசயம். ஆனால் என் மனதில் நின்றது கபோச்சா. கடும்பச்சைத் தோல், உள்ளே முட்டை மஞ்சட்கரு நிறம், அவிந்தால் தண்ணீர் விடாமல் மாப்பிடிப்பாக வரும். ஊரில் அம்மா வைக்கும் பூசணிக்காய்ப் பால்கறிக்கு இங்கே இத்தனை வருடமும் சரியான காய் கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அது இதுதான். அரிசியும் தேங்காய்ப்பூவும் வறுத்து அரைத்து, ஒரு தேக்கரண்டி கடுகும் கூட அரைத்து, கடைசியில் தடித்த தேங்காய்ப்பால் விட்டு இறக்கினேன். கடுகின் அந்த லேசான கைப்பும் காரமும் இல்லாவிட்டால் பூசணிக்காய்க் கறி வெறும் இனிப்புப் பசையாகிவிடும், அந்தக் காலத்து ஆட்களுக்கு இது தெரிந்திருக்கிறது.

சத்துக் கணக்கிலும் அந்தப் பால்கறி சரியாக இருக்கிறது. பூசணியின் மஞ்சளுக்குக் காரணமான பீட்டா கரோட்டினைத்தான் உடம்பு விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும், அது கொழுப்பில் கரைவது என்பதால் எண்ணெயோ தேங்காய்ப்பாலோ கூட இருந்தால்தான் நன்றாக உறிஞ்சப்படும். எண்ணெயே இல்லாமல் அவித்துச் சாப்பிடுவது நல்லது என்று நினைக்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். விதையையும் வீசாதீர்கள். கழுவிக் காயவைத்து, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு வறுத்தால் அதில் துத்தநாகமும் மக்னீசியமும் இருக்கிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிறார்கள்.

கறுவா பற்றி ஒன்று. இந்த மாதங்களில் இங்கே எதைத் தொட்டாலும் பூசணி மசாலா வாசம் வரும். கறுவா, இஞ்சி, சாதிக்காய், கராம்பு, அதோடு ஆல்ஸ்பைஸ் சேர்த்த தூள் அது. ஆனால் இங்கே சுப்பர்மார்க்கெட்டில் கறுவா என்று விற்பது பெரும்பாலும் கசியா என்ற வேறு மரத்துப் பட்டை. தடிப்பானது, காரமானது, குமரின் என்ற பொருளும் அதில் கூட, தினமும் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு அது ஈரலுக்கு நல்லதில்லை. எங்களுடைய இலங்கைக் கறுவா மெல்லிய தாள் சுருட்டியது மாதிரி இருக்கும், மணம் மென்மை. தமிழ்க் கடையில் கிடைக்கிறது, பூசணி சூப்பில் அதைப் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

கேல் கீரை ஐந்து வாரம் வந்தது. தாளில் அதை உப்பும் எண்ணெயும் போட்டுக் கையால் பிசைந்து, புளிப்பு அப்பிள் சீவிப் போட்டு, வால்நட் தூவச் சொல்லியிருந்தார்கள். நல்லாயிருந்தது. அதைப் பார்த்துவிட்டு மாமி, "வல்லாரைச் சம்பல் மாதிரித்தானே, தா நான் செய்யிறன்" என்று எடுத்து, தண்டை நீக்கிப் பொடிப்பொடியாக அரிந்து, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பூ, தேசிக்காய்ச்சாறு போட்டுப் பிசைந்தார், அப்பிளை மட்டும் தாளில் சொன்னபடி சீவிப் போட்டார். இந்த 8 வாரத்தில் வீட்டில் ஆகத் திறமாக வந்த சாப்பாடு இதுதான் என்பேன். கீரையில் உள்ள இரும்புச்சத்து இறைச்சியில் உள்ளது மாதிரிச் சுலபமாகச் சேராது, விற்றமின் சி கூடவே போனால் உறிஞ்சுவது கூடும், தேசிக்காய் அந்த வேலையைச் செய்கிறது, பச்சையாகச் சாப்பிடுவதால் கேலில் இருக்கும் விற்றமின் சியும் நெருப்பில் போகாது. கல்சியத்துக்கும் கேல் நல்லது. பசளியிலும் பீட்ரூட் இலையிலும் ஒக்சலேட் கூட இருப்பதால் அவற்றின் கல்சியம் அவ்வளவாக உடம்பில் சேராது, கேலில் அந்தப் பிரச்சினை குறைவு.

குட்டிக் கோவா, அதுதான் பிரசல்ஸ் ஸ்பிரவுட்ஸ், ஒக்டோபர் கடைசியில் முழுத் தண்டோடு வந்தது. பண்ணைக்காரர் உறைபனி விழும் வரை வேண்டுமென்றே விட்டு வைத்ததாகச் சொன்னார். குளிர் பட்டால் செடி தன் சீனியைக் கூட்டிக்கொள்ளும், கேலும் பார்ஸ்னிப்பும் அப்படித்தான். அதைப் பாதியாக வெட்டி, வெட்டிய பக்கம் கீழே இருக்கத் தட்டில் அடுக்கி, நல்ல சூட்டில் சுட்டு, மேலே கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, ஒரு பிடி கிரான்பெரியை நசுக்கிப் போட்டேன். கிரான்பெரி இந்த மண்ணின் பழம், ஒன்ராறியோவில் பாலா என்ற ஊர் அதற்குப் பேர்போனது. தனியே சாப்பிட முடியாத புளிப்பு, புளி கரைத்து விடும் இடத்தில் எல்லாம் அதைப் போடலாம் என்று இப்போது தெரிகிறது. அதில் பெக்ரின் நிறைய இருப்பதால் கொதிக்கவிட்டால் தானே இறுகும். இஞ்சி, செத்தல் மிளகாய், நாலு பேரீச்சம்பழம் போட்டுக் காய்ச்சிய சட்னி ஒரு போத்தல் இன்னும் குளிர்ப்பெட்டியில் இருக்கிறது.

அந்த ஒரு விலக்கு என்று சொன்னேனே, அது பார்ஸ்னிப்பும் பேரிக்காயும் சேர்ந்த சூப். இரண்டும் இனிப்பு, சரிவராது என்றுதான் நினைத்தேன். ஆனால் பார்ஸ்னிப்பில் ஒரு மிளகு மாதிரியான வாசம் இருக்கிறது, நிறைய இஞ்சியும் மிளகும் போட்டால் பேரிக்காயின் இனிப்பு அதற்குள் அடங்கிவிடுகிறது. தடிமன் பிடித்திருந்த வாரம், மூன்று நாள் அதையே குடித்தோம்.

தாங்ஸ்கிவிங் இங்கே ஒக்டோபர் இரண்டாவது திங்கள். அதற்கு முந்திய பெட்டியில் பருவத்தின் கடைசிச் சோளமும், காய்ந்த பயற்றங்கொட்டையும், ஒரு சின்னப் பூசணியும் இருந்தன. தாளில் "மூன்று சகோதரிகள்" என்று தலைப்பு. இந்த மண்ணின் ஹோடனோஷோனி மக்கள் இந்த மூன்றையும் ஒரே மண்மேட்டில் சேர்த்து நடுவார்களாம். சோளத் தண்டில் கொடி ஏறும், பயறு மண்ணுக்கு நைதரசன் கொடுக்கும், பூசணி இலை படர்ந்து ஈரத்தைக் காக்கும். வயலில் சேர்ந்தது சட்டியிலும் சேர்கிறது: சோளத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பயற்றில் அது கூட, இரண்டும் சேர்ந்தால் புரதம் முழுமையாகும். சோறும் பருப்பும் சேர்த்துச் சாப்பிடுகிற எங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அன்று மஞ்சள், பச்சைமிளகாய், உள்ளி போட்டுச் சொதி மாதிரி வைத்தேன், பெரியவன் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தான்.

சரி, குறைகள். இலை வகை இரண்டு முறை வாடித்தான் வந்தது, ஈரத்தோடு பிளாஸ்ரிக் பையில் கட்டியிருந்தார்கள், ஒரு கட்டு பீட்ரூட் இலை அப்படியே குப்பைக்குப் போனது. செலரியாக் என்ற கிழங்கு மூன்று வாரம் தொடர்ந்து வந்தது, அதற்குத் தாளில் சொன்ன யோசனை மூன்று முறையும் ஒன்றே, மசித்து வெண்ணெய் போடுவது. பெட்டி எடுக்க 5 முதல் 7 வரை மட்டும்தான் நேரம், ஒரு வியாழன் நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டு பிந்திப் போனேன், பெட்டி அதற்குள் உணவு வங்கிக்குப் போய்விட்டது. அது நல்ல இடத்துக்குத்தான் போனது, ஆனாலும் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்திருக்கலாம். அப்பிள் பையில் என்ன வகை என்று எழுதாமல் தருவதும் சரியில்லை. மக்கின்ரோஷ் சூப்புக்கு நல்லது, அது சூட்டில் கரைந்துவிடும். மாவுக்குள் அப்பிளை வைத்துச் சுடும் பை (pie) என்ற பண்டத்துக்குக் கட்டியாக நிற்கும் நோர்தேர்ன் ஸ்பை வேண்டும். மக்கின்ரோஷ் ஒன்ராறியோவிலேயே, டண்டெலா என்ற இடத்தில் 1811-இல் ஒருவர் காடு வெட்டும்போது கண்டெடுத்த கன்றிலிருந்து வந்த வகை. இப்படிக் கதை இருக்கிற பழத்துக்குப் பெயரையாவது எழுதித் தரலாமே.

விலையைப் பொறுத்தவரை, பெட்டிக்கு 32 டொலர் சொச்சம், நாலரைப் பேருக்கு நாலு நாள் மரக்கறி வந்தது. கடையில் சலுகை பார்த்து வாங்கினால் இதைவிட மலிவாக முடியும். ஆனால் கடையில் நான் ஒருநாளும் கபோச்சாவைக் கையில் எடுத்திருக்க மாட்டேன். சமைக்க நேரமே இல்லாத வீட்டுக்கும், மரக்கறி என்றால் முகம் சுளிக்கும் ஆட்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கும் நான் இதைச் சொல்லமாட்டேன், வீணாகும். வீட்டில் ஒரு ஆளாவது புதுக் காயைக் கண்டால் கத்தியை எடுக்கிறவர் என்றால் எடுங்கள், அரைப் பங்கு போதும். தாளில் சீனி என்று இருக்கும் இடத்தில் தேசிக்காயோ கடுகோ போடுங்கள்.

கடைசிப் பெட்டியில் வந்த கபோச்சா ஒன்றை வெட்டாமல் நிலக்கீழ் அறையில் கடதாசி மேல் வைத்திருக்கிறேன். கொடியிலிருந்து பறித்த பிறகு சில வாரம் இருந்தால் உள்ளே மாப்பொருள் சீனியாகி இன்னும் திறமாகுமாம், காம்பு காய்ந்து கட்டை மாதிரி ஆவதுதான் அடையாளம் என்று பண்ணைக்காரர் காட்டினார். நத்தாருக்கு அக்கா குடும்பம் மொன்றியலில் இருந்து வருகிறது, அன்றைக்கு அதில் பால்கறி.